கொக்குக்கு ஒரு படகு

கொக்கு என்ற பட்டப்பெயரை அவனுக்கு யார் வைத்தார்கள் என்று தெரியாது. ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் ஓடைக்கரை முழுக்கத் தெரியும். படகின் முனையில் ஒரு காலைத் தூக்கி விளிம்பில் வைத்து, மற்ற காலில் உடம்பைத் தாங்கி, மூச்சு விடுகிறானா இல்லையா என்று பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும்படி நிற்பான். பிறகு இடுப்பில் ஒரு திருப்பு, தோளில் ஒரு வீச்சு. வீச்சு வலை வட்டமாக விரிந்து, ஓரம் முழுவதும் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொடும். மேசையில் தட்டு வைத்த மாதிரி இருக்கும். கரையில் நின்று அதைப் பார்க்கும்போதெல்லாம் அவன் மனைவிக்கு முதுகு தானாக நிமிரும். ‘என் வீட்டுக்காரராக்கும்’ என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்ல வேண்டும்போல வாய் துறுதுறுக்கும். சொல்லமாட்டாள். சொல்லத் தேவையிருந்ததில்லை.

அவள் தையல்காரி. வீட்டு முன்னறையில் ஜன்னலை ஒட்டி மிஷின் போட்டிருந்தாள். துணியிலும் பேச்சிலும் ஒரே மாதிரி குத்துவாள் என்று அவன் அவளுக்கு ஊசி என்று பெயர் வைத்தான். கல்யாணமான புதிதில் கொஞ்சலுக்கு வைத்தது, இப்போது வாடிக்கைக்காரர்கள்கூட ஊசியக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

போன மழைக்காலத்தில் அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது. போகிற போக்கில் காதுக்குள் எதையோ கலைத்துவிட்டுப் போனது. “உள்காதுல கொஞ்சம் சேதம். நாளாக நாளாகப் பெரும்பாலும் சரியாயிடும். முழுசா சரியாகும்னு என்னால சொல்ல முடியாது. தலைய வெடுக்குனு திருப்பாதீங்க. கண்ண மூடிக்கிட்டு நிக்காதீங்க, தள்ளும்” என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அவன் அவளிடம் சொன்னது ஒன்றுதான்.

“இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும் ஊசி.”

இருந்தது. ஆனால் அவளிடமிருந்தே அவன் மறைக்க ஆரம்பித்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சோப்பு போட்டு முகம் கழுவும்போது ஒரு கை குழாயைப் பிடித்திருக்கும். அவள் தைத்துக் கொடுத்த கால்சட்டையை நின்றபடியே மாட்டுகிறவன், இப்போது கட்டிலில் உட்கார்ந்து மாட்டினான். “என்னங்க, புதுப் பழக்கம்?” என்றால், “வயசாகுதுல்ல” என்று சிரித்தான். நாற்பதுகூட ஆகாதவன்.

அவன் படுத்துக் கிடந்த நாட்களில் படகும் கரையில் வெயிலில் கிடந்தது. மரப்படகு. பலகைகள் வாயைப் பிளந்து, அடியில் விரல் நுழைகிற அளவுக்குப் பிளவு. ஒட்டுப்போடலாம் என்று பார்த்தவர்கள் எல்லாரும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். ஆக, புதுப் படகு வாங்கியே தீர வேண்டும் என்றாயிற்று. என்ன படகு என்பதில்தான் வீடு இரண்டானது. சரியாகச் சொன்னால் மூன்றானது, ஏனென்றால் அவளுடைய அண்ணனும் வந்து சேர்ந்துகொண்டான்.

அண்ணனுக்கு ஊரில் பெயர் எஞ்சின். முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போகிற எஞ்சின் படகு வைத்திருந்தான். பேச்சும் அதே வேகம், அதே சத்தம்.

“மாப்ள, எனக்கு இருக்கிற மாதிரி ஒரு எஞ்சின் படகப் போடு. எத்தன நாளைக்குத்தான் இந்தச் சேத்துக்குள்ள கோல் ஊனிக்கிட்டுத் திரிவ?” என்றான், சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தபடி.

“மச்சான், தண்ணி வடிஞ்சா ஓடையில முழங்கால் அளவுதான் நிக்கும். உன் படகு வந்தா நீ எறங்கி அதத் தூக்கிட்டுத்தான் நடக்கணும்” என்றான் கொக்கு. “எனக்குக் குறுகல் படகுதான் சரி. லேசா இருக்கும், சொன்னபடி திரும்பும். சந்துபொந்தெல்லாம் நுழையும்.”

“அகலப் படகு வாங்குவோம்” என்றாள் ஊசி, அடுப்பு மேடையிலிருந்து திரும்பாமலே.

இரண்டு ஆண்களும் ஒருசேர அவளைப் பார்த்தார்கள்.

“எது, படகு செய்யுற பிசின் தன் பட்டறையில கவுத்தி வச்சிருக்காரே, அந்தத் தட்டையடியா?” என்றான் அண்ணன். “அது படகா? கதவக் கழட்டி நாலு பக்கம் பலகை அடிச்ச மாதிரி இருக்கு. கத்துக்குட்டிங்க ஏறுறது பாப்பா அது. கொக்கு அதுல ஏறினா ஊரே கை கொட்டும்.”

“நானும் கூடப் போகப்போறேன். எனக்கு எடம் வேணும்ல?”

கொக்கு வாயருகே கொண்டுபோன கையை இறக்கினான். “நீயா? குளிக்கிற வாளியில தண்ணி நெறைஞ்சாலே தள்ளி நிப்ப.”

“நின்னேன். இனிமே நிக்கல. ஆசையா இருக்கு, கூட்டிட்டுப் போங்க.”

பச்சைப் பொய். அவளுக்குத் தண்ணீர் என்றாலே பயம். ஆனால் அகலமான படகு ஆடாது, ஆடாத படகில் அவன் விழமாட்டான். அவனுக்காக வாங்கியது என்று தெரிந்தால் அவன் தலை குனிவான். பொண்டாட்டிக்காக வாங்கியது என்றால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், கேட்டாலும் கேலி அவள்மேல் விழும். அவள் தோல் தடிமனானது, தாங்கும். தைக்கிற துணியில் பட்டி மடிப்பதுபோல அவள் இதை உள்பக்கமாக மடித்துத் தைத்துவிட்டதாக நினைத்தாள்.

கொக்கு அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “சரி, போய்ப் பார்ப்போம்” என்றான்.

பிசினின் பட்டறை ஓடை வளையும் இடத்தில் இருந்தது. தகரக் கூரை, சுற்றிலும் கண்ணாடி இழைத் துணிச் சுருள்கள், மூக்கைப் பொசுக்குகிற பிசின் வாடை. அந்த வாடையிலேயே அவருக்குப் பெயரும் வந்திருந்தது. விரல் இடுக்குகளில் காய்ந்த பிசின் எப்போதும் பளபளக்கும். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவர் படகில் ஏறி, அதிலிருந்து வலை வீசிக் காட்டாமல் அவர் படகை விற்கமாட்டார். “சட்டைய ஒடம்புல போட்டுப் பார்த்துத்தானே வாங்குறீங்க?” என்பார். அதனால் யாராவது படகு பார்க்க வந்தால், பட்டறை வாசலில் வேலை வெட்டி இல்லாதவர்கள் மட்டுமல்ல, வேலையோடு இருப்பவர்களும் கூடிவிடுவார்கள். இன்றைக்கு வந்திருப்பவன் கொக்கு. கேட்கவா வேண்டும்? ஐஸ் வண்டிக்காரன் வண்டியை ஓரம் கட்டிவிட்டே வந்து நின்றான். எஞ்சின் அண்ணனும் முன்வரிசையில் நின்றான்.

தண்ணீரில் இரண்டு படகுகள் கட்டியிருந்தன. ஒன்று குறுகல். கத்தியால் சீவிய மாதிரி உடம்பு, வெள்ளையில் நீலக் கோடு. இன்னொன்று தட்டையடி. சாம்பல் நிறம், மூக்கு மழுங்கல், அண்ணன் சொன்ன கதவு ஞாபகம் வரத்தான் செய்தது.

பிசின் எதையும் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. “குறுகல் வேகமாப் போகும், சத்தமே கேக்காது. ஆனா அடி உருண்டை, தண்ணியில கொஞ்சம் ஆழமா உக்காரும், சுறுக்குனு சாயும். தட்டையடி ஒரு சாண் தண்ணியிலயும் போகும், மேல நின்னு கூத்தாடலாம். ஆனா எதிர்காத்துல தள்ளுறதுக்கு முதுகு ஒடியும். அலை அடியில பட்டா சளக் சளக்குனு சத்தம் வரும், மீன் ஓடும். உள்ள ஒரு ரப்பர் விரிப்பு போட்டுத் தரேன், பாதி கொறையும். என்ன சொல்றீங்க?”

கொக்கு கூட்டத்தைப் பார்த்தான். கூட்டம் அவனைப் பார்த்தது. ஊசிக்குப் புரிந்துவிட்டது. அவன் காலே அவன் பேச்சைக் கேட்காமல் குறுகலை நோக்கி நடந்தது.

“என்னங்க, அந்த இன்னொன்ன...”

“இத முதல்ல பார்த்துடுவோம்” என்று வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டான்.

ஒரு கணம்தான் யோசித்தாள். செருப்பை உதறினாள், புடவையை இழுத்துச் செருகினாள், பின்னாலேயே ஏறினாள். படகு இரு பக்கமும் ஆடியது. குந்தி உட்கார்ந்து இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டாள். கரையில் சிரிப்பு எழுந்தது.

“பாப்பா, அது ஊஞ்சல் இல்ல, எறங்கு” என்றான் அண்ணன்.

“என் வீட்டுக்காரர் படகு, நான் ஏறுவேன். ஒனக்கென்ன?”

கொக்கு முனையில் நின்றான். ஒரு காலைத் தூக்கி விளிம்பில் வைத்தான். நீண்ட நாளைக்குப் பிறகு அந்த நிற்றலைப் பார்த்ததும் கரை அமைதியானது. ஊசிக்கு அந்த நிலையிலும் முதுகு நிமிர்ந்தது, என்ன செய்வது, பழகிய முதுகு. அவன் வலையைச் சேர்த்துப் பிடித்தான். இடுப்பு திரும்பியது, தலையும் கூடவே திரும்பியது.

அவ்வளவுதான். யாரோ தோளைப் பிடித்துத் தள்ளியதுபோல அவன் பக்கவாட்டில் சாய்ந்தான். விளிம்பு தண்ணீருக்குள் போனது. வலை உருண்டையாக ஒரு பக்கம் விழுந்தது, அவன் இன்னொரு பக்கம் விழுந்தான். அவளும் விழுந்திருப்பாள், பிசின் எட்டிப் படகைப் பிடித்ததால் பிழைத்தாள்.

இடுப்பளவு தண்ணீர்தான். அவன் எழுந்து நின்றான், கண்ணில் சேறு வழிந்தது. கரையில் சிரிப்பு வெடித்தது. சிரித்தவர்கள் ஏன் விழுந்தான் என்று கேட்பதற்குள் ஊசி முந்திக்கொண்டாள்.

“நான்தான் அசஞ்சுட்டேன். பயத்துல இந்தப் பக்கம் சாஞ்சுட்டேன். அவரு என்ன பண்ணுவாரு?”

பிசின் அவளை ஒரு மாதிரி பார்த்தார். அவர் கண் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள், அசையவில்லை என்பது அவருக்குத் தெரியும். நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை. மற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

“தையல் மிஷின்ல உக்காந்து உக்காந்து ஆடிக்கிட்டே இருக்கணும்னு பழகிடுச்சு போல” என்றான் ஐஸ் வண்டிக்காரன்.

“கொக்கு, இனிமே சாப்பாட்டுத் தூக்குச்சட்டிய மட்டும் படகுல ஏத்து. கட்டிக் குடுத்தவங்களக் கரையில விட்டுடு” என்றார் இன்னொருவர்.

“எங்க வீட்டு மானத்த இப்பிடித் தண்ணியில விட்டுட்டியே பாப்பா” என்று அண்ணனும் தன் பங்குக்கு நெஞ்சில் கை வைத்தான். “எம் மாப்ள இத்தன வருஷமா ஒரு தடவ தவறினதில்ல. நீ ஏறின ஒரே நிமிஷத்துல கவுத்துட்ட.”

ஊசி சிரித்தாள். தலையில் அடித்துக்கொண்டுகூடக் காட்டினாள். கண் மட்டும் கணவனிடம் கெஞ்சியது. ‘சும்மா இருங்க. போகட்டும் விடுங்க. நாளைக்கு மறந்துடுவாங்க. உங்க பேரு நிக்கும்.’

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். முகத்துச் சேற்றைப் புறங்கையால் வழித்தான்.

“அவ அசையல” என்றான்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் கேட்டது.

“அவ அசையல மச்சான். நான்தான் விழுந்தேன். காய்ச்சல்ல காதுக்குள்ள கெட்டுப்போச்சு. தலையத் திருப்பினா ஆளத் தள்ளுது. மாசக்கணக்கா இது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நீங்க சிரிக்கணும்னா என்னப் பாத்துச் சிரிங்க. எனக்காக அவ சிரிப்பு வாங்கிக்கிட்டு நிக்கவேண்டாம்.”

ஐஸ் வண்டிக்காரன் தன் வண்டியைத் தேடுகிறவன்போலத் திரும்பிப் பார்த்தான். ஊசி கணவனைப் பார்த்தாள். அவன் நின்று வலை வீசும்போது அவள் எவ்வளவோ பெருமைப்பட்டிருக்கிறாள். இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில், வலையில்லாமல், நனைந்த கோழிபோல நிற்கிறவனைப் பார்த்து அவளுக்கு வந்த பெருமையை எதனோடு சேர்ப்பது என்றே தெரியவில்லை. மறைக்கத் தோன்றாததால் கண்ணைத் துடைக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன்தான் முதலில் அசைந்தான். சட்டை பேண்ட்டோடு தண்ணீரில் இறங்கி, மிதந்த வலையைச் சுருட்டிக் கொண்டுவந்து நீட்டினான்.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல மாப்ள?”

“சொன்னா? நீ எஞ்சினப் போட்டுக்கிட்டு ஊர் பூராச் சொல்லிட்டு வருவ.”

“அது சரிதான்” என்று ஒத்துக்கொண்டான் அண்ணன். இப்போது சிரித்தவர்கள் வேறு மாதிரி சிரித்தார்கள்.

கொக்கு வலையை வாங்கித் தோளில் போட்டான். “பிசின் அண்ணே, அந்தக் கதவ இங்க கொண்டாங்க” என்றான். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினான். இந்த முறை கூட்டத்தைப் பார்க்கவில்லை. “தட்டையடி தனி ஆளுக்கு அடங்காது. ஒருத்தர் கோல் ஊனி நிறுத்தினாத்தான் நான் ரெண்டு கையாலயும் வீச முடியும். கூட வரேன்னு சொன்னியே, நெசமாவே வருவியா?”

அன்று சமையலறையில் சொன்னது பொய். அதை இப்போது அவன் எடுத்து மெய்யாகக் கேட்கிறான். அவனுக்காகத்தான் சொன்னாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும், தெரிந்துதான் கேட்கிறான். அவள் இன்னும் குறுகலின் இரண்டு விளிம்பையும் பிடித்தபடிதான் இருந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன.

“பயமா இருக்குங்க” என்றாள், முதல்முறையாக உண்மையை. “ஆனா வரேன்.”

தட்டையடியில் அவன் ஏறி நின்றபோது அது சும்மா ஒரு தரம் முனகிவிட்டு அடங்கியது. விளிம்பில் கால் வைக்கவில்லை. நடுவில் இரண்டு காலையும் அகட்டி, முழங்காலைச் சற்று மடக்கி நின்றான். பின்னால் ஊசி கோலைச் சேற்றில் ஊன்றி, தொட்டிலைப் பிடிக்கிற மாதிரிக் கட்டிப் பிடித்திருந்தாள். முதல் வீச்சு கோணிக்கொண்டு விழுந்தது, கடித்த அப்பளம்போல ஒரு பக்கம் இல்லை.  அவன் வலையை இழுத்து, பிழிந்து, மறுபடி சேர்த்தான். எதிர்க்கரையில் ஒரு மரக்கட்டையைப் பார்வைக்குப் பிடித்துக்கொண்டான். தலையைத் திருப்பாமல், தோளை மட்டும் திருப்பி வீசினான். முழு வட்டம் இல்லை. ஆனால் வட்டம்தான்.

“வித்தாச்சு” என்றார் பிசின்.

முதல் சில நாட்கள் ஊசி கோல் பிடித்ததைப் பற்றி வீட்டில் யாரும் பேசக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தாள். ஒரு தரம் கோல் சேற்றில் மாட்டிக்கொள்ள, படகு நகர்ந்துபோக, அவள் கோலோடு தண்ணீரில் நின்றுவிட்டாள். ஒரு தரம் அவன் வீசுகிற நேரத்தில் தும்மிவிட்டாள். அவன் திட்டவில்லை. “தும்முறதுக்கு முன்னாடியே சொல்லு, தலையத் திருப்பாம இருக்கேன்” என்றான். அவளுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. தண்ணீரின் மேலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மெல்ல மெல்ல அவளுக்குத் துணியின் ஓட்டம் தெரிவதுபோல ஓடையின் ஓட்டமும் கைக்குப் பிடிபட்டது. எங்கே சேறு இளகல், எங்கே மணல் கெட்டி, தண்ணீர் வடியும்போது மடவை மீன் கூட்டம் எந்த மடிப்பில் ஒதுங்கும் என்று அவன் சொல்வதற்கு முன்பே சில நேரம் கோல் அந்தப் பக்கம் போனது. எதிர்காற்றில் படகு எருமை மாதிரி அடம் பிடித்தது. இருவரும் மாறி மாறித் திட்டிக்கொண்டே தள்ளினார்கள். காற்றைத்தான் திட்டினார்கள்.

தண்ணீர் நன்றாக வடிந்திருந்த ஒரு காலையில், ஓடையின் உள்மூலையில், ஒரு சாண் ஆழத்தில், தட்டையடி சத்தமில்லாமல் நகர்ந்தது. மற்ற படகெல்லாம் இந்த நேரத்தில் வெளியே நிற்க வேண்டியதுதான், உள்ளே வந்தால் தரை தட்டும். கொக்கு கையைச் சற்றே உயர்த்தினான். அவள் கோலை ஊன்றி நிறுத்தினாள். படகு நின்றது என்றால் நின்றதுதான், வீட்டுத் தரை மாதிரி. அவன் கால்களை அகட்டி, தூரத்துக் கம்பம் ஒன்றில் பார்வையைக் கட்டி, தோளைத் திருப்பினான். வலை போய் விரிந்து, ஓரம் முழுவதும் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொட்டது. உள்ளே பெரிதாக ஏதோ ஒன்று வலையோடு மோதியது.

“கொடுவா” என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு. “பெருசு. புடி ஊசி, விட்டுடாத.”

“நான் எதுக்கு விடப்போறேன்? நீங்க விடாம இருங்க.”

முகத்துவாரத்தில், ஆழத்துக்குள் நங்கூரம் போட்டு, தண்ணீர் ஏறட்டும் என்று காத்துக்கொண்டிருந்த எஞ்சின் படகிலிருந்து அண்ணன் கையை வாயில் குவித்துக் கூவினான்.

“பாப்பா... என்ன மாட்டியிருக்கு? எம்மாம் பெருசு? கைய விரிச்சுக் காட்டு.”

படகைச் சுற்றித் தண்ணீர் அடித்துத் தெறித்தது. அவள் புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. முன்னால் அவள் புருஷன் இரண்டு கையாலும் வலைக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான், ஒரு இம்மியும் சாயாமல். கோலை இன்னும் ஒரு அழுத்து அழுத்திக்கொண்டு அவள் முழுத் தொண்டையில் பதில் சொன்னாள்.

“முடியாதுண்ணா. என் கை வேலையா இருக்கு.”